சலித்த மாவு

புகழ்ந்து சொன்ன வார்த்தையே, காலில் தைத்து உள்ளே முறிந்துபோன முள்ளைப் போல, வருஷக்கணக்கில் கிடந்து உறுத்துவதுண்டு. இத்தாலியில் பெரூஜியா நகரத்தில் நான் குடியிருந்த வீட்டுக் கிழவி, அடுப்படியில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்த ஒரு மாலையில், தலையை நிமிர்த்தாமலே, "நீ நன்றாக இத்தாலிய பாஷை பேசுகிறாய், மகனே, எனக்குத்தான் அது சரியாக வராது" என்று சொன்னாள். அன்றிரவு அந்த வார்த்தையை ஒரு நற்சாட்சிப் பத்திரமாகவே எண்ணி, மனம் நிறைந்து தூங்கினேன். உறுத்தல் பிற்பாடுதான் வந்தது. அவள் எழுபது வயதைக் கடந்தவள். அந்தக் குன்றுகளுக்கு நடுவிலேயே பிறந்து, வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஒருவனை மண்ணில் வைத்துவிட்டு, வேறொரு தேசத்தில் காலெடுத்து வைக்காமலே காலத்தைக் கழித்தவள். தில்லியில் மூன்று வருஷம் கரும்பலகையைப் பார்த்து வினைச்சொற்களின் திரிபுகளை ஒப்பித்துவிட்டு வந்து சேர்ந்த ஒரு தமிழ்ப் பையனிடம், இந்தத் தேசத்தின் பாஷை உனக்கு வருகிறது, எனக்கு வரவில்லை என்று அப்படிப்பட்ட ஒருத்தி மனப்பூர்வமாகச் சொல்வதென்றால், நான் கற்றது எந்தப் பாஷை, அவள் பேசி வந்தது எந்தப் பாஷை, என்னுடைய சம்பாத்தியத்துக்கும் அவளுடைய வெட்கத்துக்கும் நடுவில் ஏதேனும் கணக்குவழக்கு உண்டா என்ற கேள்விகள், ஒன்றன்பின் ஒன்றாக, கேட்பாரில்லாத நேரங்களில் வந்து நிற்கலாயின.

கல்லூரியில் எங்களுக்குப் போதிக்கப்பட்ட இத்தாலியம் குற்றம் சொல்ல இடமில்லாதது. உயிரெழுத்துகளை வாய் திறந்து கடைசிவரை ஒலிக்க வேண்டும் என்பது முதல் பாடம்; சொல்லின் ஈற்றில் மெய் நின்றால் ஓர் உகரத்தைச் சேர்த்து 'பஸ்ஸு' என்றும் 'ஃபேனு' என்றும் சொல்லிப் பழகிய தமிழ் நாவுக்கு, ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரிலேயே முடிகிற அந்தப் பாஷை அந்நியமாகப் படவில்லை. இரட்டித்து வரும் மெய்களைத் தயங்கி அழுத்தும் வித்தையையும், பலியையும் பல்லியையும் பிரித்தறிந்த காதுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர்களை 'லேய்' என்று, அதாவது 'அவள்' என்று பொருள்படும் சொல்லால், எதிரிலிருப்பவர் எதிரில் இல்லாதது போன்ற ஒரு பாவனையில் மரியாதையாக விளிக்கும் முறை மற்ற மாணவர்களுக்கு விசித்திரமாக இருந்தது; நம்முடைய 'தாங்கள்' என்பதும் ஆதியில் படர்க்கைச் சொல்தானே என்று எனக்கு அது சுலபமாகவே புரிந்தது. இலக்கணம் முடிந்ததும் இலக்கியம். தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ என்ற மூவரும் மூலவிக்கிரகங்கள். பிறகு வந்தவர்களெல்லாம் அந்தச் சந்நிதியைப் பிரதட்சிணம் செய்பவர்கள். பெரூஜியாவுக்கு உபகாரச் சம்பளத்தில் வந்தபோது 1986ஆம் வருஷம். 1921இல் அஸ்தோர்ரே லூபத்தெல்லி என்பவர் அந்நியர்களுக்கென்று தொடங்கிய வகுப்புகளிலிருந்து வளர்ந்த சர்வகலாசாலை அங்கே இருக்கிறது. கல்லேங்கா மாளிகை என்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் அது நடக்கிறது. வாசலில் இறங்கினால், ரோமானியருக்கும் முந்திய எத்ரூஸ்கர் கட்டிய பெரிய கல்வளைவு எதிரே நிற்கும். அந்த மாளிகையின் வகுப்பறைகளில் காலை முதல் மாலை வரை நான் கேட்ட ஒரு சொல் 'தெஸ்தோ'. மூலபாடம் என்று அதற்குப் பொருள். தெஸ்தோவுக்குத் திரும்புவோம், தெஸ்தோவில் அப்படி இல்லை, தெஸ்தோவைத் தவிர மற்றதெல்லாம் ஊகம் என்று பேராசிரியர்கள் சொல்லச் சொல்ல, வேதம் என்ற சொல்லுக்குரிய கனத்தை அந்தச் சொல் என் மனத்தில் அடைந்துவிட்டது.

அதே சொல்லைத்தான் அந்தக் கிழவி அடுப்பின்மேல் தூக்கி வைத்தாள். மாவைச் சலித்து மரப்பலகைமேல் குவித்து, நடுவில் விரலால் குழித்து, வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பும் ஒரு சிட்டிகைச் சோடாவும் சேர்த்துப் பிசைந்து, விரற்கடைக் கனத்துக்கு வட்டமாகத் தட்டினாள். அதற்குள் அடுப்பின்மேல் கறுத்து வழவழத்த ஒரு வட்ட இரும்புத் தட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சிட்டிகை மாவைத் தூவி, அது உடனே சிவக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். என் தாயார் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, அது சுரீரென்று துள்ளும் சத்தத்துக்குக் காது கொடுப்பதைப் போலவே இருந்தது அந்தக் குனிவு. வட்டத்தை எடுத்துப் போட்டு, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, பக்குவம் பார்த்துத் திருப்பினாள். வீடெங்கும் சுட்ட மாவின் வாசனை பரவியது. அந்தத் தட்டுக்குப் பெயரென்ன என்று கேட்டேன். "தெஸ்தோ" என்றாள். காதில் சரியாக விழவில்லையென்று நினைத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொல்லி, முன் காலத்தில் அதைச் சுட்ட மண்ணிலும் கல்லிலும் செய்து கணப்பின் தணலில் வைப்பார்கள் என்றும் சொன்னாள். அந்தப் பண்டத்தின் பெயர் 'தோர்தா'. என்னுடைய அகராதியின்படி தோர்தா என்றால் பிறந்தநாளுக்கு வெட்டுகிற இனிப்புப் பண்டம். அவளிடத்திலோ அது உப்புப் போட்ட ரொட்டி, நாலாய் எட்டாய் அரிந்து, பிளந்து, வதக்கிய கீரையோ உப்பிட்ட பன்றியிறைச்சியோ வைத்துத் தின்பது. மலைப்பாதையில் கொஞ்ச தூரம் போய்க் கூபியோ என்ற ஊரை அடைந்தால், இதே பண்டத்துக்கு 'க்ரேஷா' என்று பெயர். மூலபாடமாகிய தெஸ்தோவும் ரொட்டி சுடுகிற தெஸ்தோவும் ஒலியில் ஒன்றானாலும் பிறப்பில் வேறு. முன்னது நெய்தல் என்ற கருத்தைக் கொண்ட லத்தீன் சொல்லின் வழி வந்தது, பின்னது மண்பாண்டத்தைக் குறித்த மற்றொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. இதைப் பிற்பாடு அறிந்துகொண்டபோது, தோசை வார்க்கும் இரும்பை நாமும் 'கல்' என்றே சொல்கிறோம், படி என்று ஏவுவதற்கும் நம் பழந்தமிழில் 'கல்' என்ற அதே ஓசைதான் என்ற எண்ணம் தற்செயலாகத் தோன்றி, நெடுநேரம் என்னை விட்டு அகலாமல் இருந்தது. மூன்று வருஷப் படிப்பில் முதல் தெஸ்தோவைப் பற்றி நூறு தடவை எழுதியிருந்தேன். இரண்டாவது தெஸ்தோ ஒன்று உலகத்தில் உண்டென்பதை எந்தப் பரீட்சையும் என்னிடம் கேட்டதில்லை.

நான் கற்ற பாஷைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அடுப்படியில் நின்ற பிறகே அதற்கு ரத்தமும் சதையும் உண்டாயின. நாடு கடத்தப்பட்ட தாந்தே, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்கள் பேசும் மொழியைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுத ஆரம்பித்து, முடிக்காமலே விட்டார். இத்தாலியில் பேச்சு வழக்குகள் பதினான்குக்குக் குறையாமல் இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, தன் சொந்தத் தொஸ்கானியம் உள்பட எதுவும் தேறாது என்று தள்ளிவிட்டு, தான் தேடுகிற உன்னதமான மொழியோ ஊர்தோறும் வாசனை காட்டி எங்கும் அகப்படாமல் மறைகிற சிறுத்தை போன்றது என்கிறார். வாசனை மட்டும் இருந்து உடம்பில்லாத அந்த விலங்குக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் பின்னால் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ப்யெத்ரோ பெம்போ. தொஸ்கானியரல்ல, வெனிஸ் நகரத்துக்காரர். செய்யுளுக்குப் பெத்ரார்க்கா, உரைநடைக்குப் பொக்காச்சோ என்று, தமக்கு இருநூறு வருஷம் முந்திய எழுத்தை இலட்சியமாக வகுத்து அவர் 1525இல் வெளியிட்ட நூலோடு, பேசுகிற வாய்க்கும் எழுதுகிற கைக்கும் நடுவில் சுவர் எழும்பியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிளாரன்ஸ் நகரத்தில் மொழியைக் காப்பதற்கென்று ஒரு கழகம் அமைந்தது. அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'க்ரூஸ்கா'. தவிடு என்று பொருள். மாவையும் தவிட்டையும் பிரிக்கிற சல்லடைப் பொறிதான் கழகத்தின் சின்னம். 1612இல் அவர்கள் வெளியிட்ட அகராதி ஐரோப்பாவின் பிற அகராதிகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை, மனமுமில்லை. அப்படிச் சலித்திராவிட்டால், எழுநூறு வருஷத்துக்கு முந்திய தாந்தேயை ஒரு தமிழன் அடிக்குறிப்புகளின் துணையோடு வாசித்து, நள்ளிரவில் புத்தகத்தை மூடிவிட்டு விழித்துக்கொண்டிருக்க முடிந்திராது. ஆனால் சல்லடையில் தங்கியது எங்கே போயிற்று? 1861இல் இத்தாலி ஒரே ராஜ்யமானபோது இத்தாலியம் அறிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்று துல்லியோ தெ மௌரோ 1963இல் வெளியான தம்முடைய நூலில் கணக்கிட்டார். அது மிகக் குறைவு, ஏறக்குறையப் பத்துப் பேர் இருக்கலாம் என்று கஸ்தெல்லானி என்ற மற்றோர் அறிஞர் பிற்பாடு வாதித்தார். இரண்டில் எது சரியானாலும், மிச்சமிருந்த தொண்ணூறு பேருடைய பேரர்களில் ஒருத்தி என் எதிரே நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் என்னையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அந்நிய தேசத்திலிருந்து வந்தவனுக்குக் கொச்சையின்மேல் ஏற்படும் மோகம் சுலபமானது. அதனால் அவனுக்கு நஷ்டமொன்றுமில்லை. பொதுமொழி வராததன் நஷ்டத்தை அறிந்தவர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். மிலானில் பிறந்து, வீட்டில் மிலான் வழக்கும் வெளியில் பிரெஞ்சும் பேசிய நாவலாசிரியர் மன்சோனி, 1827இல் தம்முடைய நாவலை அச்சிட்டுவிட்டு, அதன் பாஷை உயிருள்ள பாஷையல்ல என்ற தாபத்தோடு பிளாரன்ஸுக்குப் போய், படித்த பிளாரன்ஸ்காரரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, 1840 முதல் 1842 வரை திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். தேசம் முழுமைக்கும் அந்தப் பேச்சையே கற்பிக்க வேண்டுமென்று அரசாங்கத்துக்கு யோசனையும் சொன்னார். ஒரு நகரத்தின் பேச்சைச் சட்டை மாட்டுவது போல ஒரு தேசத்துக்கு மாட்ட முடியாது, எழுத்தறிவு பரவாததே நோய், அதைப் பரப்பினால் மொழி தானே வரும் என்று அஸ்கோலி என்ற மொழியறிஞர் 1873இல் மறுத்தார். அஸ்கோலியின் கட்சியே எனக்கு இன்றுவரை நியாயமாகப் படுகிறது. பிளாரன்ஸுக்கு வடக்கே பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்தில், பள்ளிக்கூடம் தோற்கடித்து வெளியே தள்ளிய குடியானவப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு தோன் மிலானி என்ற பாதிரியார் பாடம் நடத்தினார். அந்தப் பிள்ளைகள் கூடி எழுதி 1967இல் வெளியான கடிதநூல், ஏழையின் மகனுக்கு வேண்டியது சொற்களே, அவை இல்லாததால்தான் அவன் ஏழையாகவே நிற்கிறான் என்ற கருத்தில் ஊன்றி நிற்கிறது. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்சி என்ற ஆசிரியர், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகத் தொலைக்காட்சியில் மாலைதோறும் கரித்துண்டால் படம் போட்டு எழுத்து கற்பித்தார். அண்டை வீட்டு வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மடியில் நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்த்ததையும், தன் பெயரை இறுதிவரை கோணாமல் எழுத வந்த நாளையும் என் வீட்டுக் கிழவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். ஆகையால் பொதுமொழி அவளுக்குச் சத்துருவல்ல. அது அவளுக்கு வந்தபோது, கூடவே, உன் வாயிலிருந்து இதுவரை வந்ததெல்லாம் பிழை என்ற செய்தியையும் ஏன் சுமந்துகொண்டு வந்தது என்பதே என் கேள்வி.

அந்தச் செய்தியின் வேலையைத் தினமும் பார்த்தேன். ஞாயிறு மாலைகளில் அவளுடைய தங்கை தொலைபேசியில் கூப்பிடுவாள். கதவுக்கு வெளியே நின்றால், அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கிவிட்டு, மெய்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடும் அந்தப் பேச்சு, கூழாங்கற்களின்மேல் ஓடும் தண்ணீரைப் போலக் கேட்கும். நடுநடுவே ஒரு சிரிப்பு, என்னிடம் பேசும்போது ஒருநாளும் அவளுக்கு வராத சிரிப்பு. நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் அவள் குரல் மாறிவிடும். தங்கையிடம் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் பாதியிலேயே சொற்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். உயிரெழுத்துகள் ஒவ்வொன்றும் முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கும். எனக்கு மரியாதை செய்வதற்காகத்தான் அப்படிச் செய்கிறாள் என்று வெகுகாலம் நினைத்தேன். ஒருகால் என்னிடமிருந்து அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதற்காகவும் செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்குள் வந்த பரதேசிக்கு நாற்காலியைக் காட்டலாம், பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமென்ற கட்டாயமில்லை. சர்வகலாசாலை இருக்கும் சதுக்கத்தின் பெயர்ப் பலகையில் ஃபோர்தேப்ராச்சோ என்று பொறித்திருக்கிறது. ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் அதைக் க்ரிமானா என்றுதான் சொல்வார்கள். அந்நிய மாணவர்களாகிய நாங்கள் பலகையை நம்பி, முதல் வாரம் முழுவதும் வழி விசாரித்துத் தடுமாறினோம். கவிஞர் பஸோலினியைப் பற்றி வகுப்பில் படித்தபோது, பொலோஞாவில் பிறந்த அந்த இளைஞர், 1942இல் தம்முடைய முதல் கவிதைப் புத்தகத்தைத் தாயாரின் ஊராகிய கஸார்ஸாவின் ஃப்ரியூலி வழக்கில் எழுதினார் என்பதை ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டேன். அது அவருக்குத் தொட்டில் மொழியல்ல; குடியானவர்கள் பேசக் கேட்டு, ஒரு வித்தியார்த்தியைப் போல அவர் கற்றுக்கொண்டது. கல்லூரியில் இத்தாலியம் கற்க வந்தவனும் அப்படி ஒரு தலைகீழ்ப் பயணத்தைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த உறுத்தலோடு ஊர் திரும்பிய பிறகுதான், பள்ளிப்பிராயத்திலிருந்து பெயரளவில் அறிந்திருந்த ஒருவரிடம் மறுபடி போனேன். மாந்துவாவுக்கு அருகில் கஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்த கொஸ்தான்ஸோ பெஸ்கியை நாம் வீரமாமுனிவர் என்று வணங்குகிறோம். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியின் ஆசிரியர், சதுரகராதியைத் தந்தவர். வீட்டுக்கு லொம்பார்திய வழக்கு, மடத்துக்கு லத்தீன், எழுதும் மேஜைக்குத் தொஸ்கானிய இத்தாலியம் என்ற மூன்றடுக்குக்குள் வளர்ந்திருக்க வேண்டிய அந்த மனிதர், தமிழ்நாட்டுக்கு வந்து, நூல்களின் தமிழும் சந்தையின் தமிழும் வெவ்வேறாக இருப்பதைக் கண்டு திகைக்கவில்லை. செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமுமாக, இரண்டையும் லத்தீனிலே எழுதினார். 'கொடு' என்றால் வளைந்தது, கோணலானது. பேசும் தமிழுக்கு நாம் இட்ட பெயரே அப்படி இருக்கிறது. எனக்குச் சரியாக வராது என்று பெரூஜியாவின் கிழவி சொன்னதும் இந்தக் கோணலைத்தான். அந்தக் கோணலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அது கற்கத் தக்கது, கற்பிக்கத் தக்கது என்று உட்கார்ந்து சூத்திரம் வகுத்தவர் ஓர் இத்தாலியர் என்பதை நினைக்கும்போது, அவர் இங்கே செய்ததை அங்கே நான் செய்யாமல் வந்துவிட்டேன் என்ற எண்ணம் தவிர்க்க முடியாததாகிறது. அவருடைய இரண்டு இலக்கணங்களில் முதலில் அச்சேறியது கொடுந்தமிழ் இலக்கணம்; 1738இல், அவர் உயிரோடிருக்கும்போதே, அவர் கண்டித்து எழுதிய லூத்தரன் சபையாரே தரங்கம்பாடியில் தங்கள் அச்சுக்கூடத்தில் அதை அச்சிட்டார்கள். வந்திறங்கும் பாதிரிமாருக்கு ஊராரோடு பேச அது இல்லாமல் முடியவில்லை. செந்தமிழ் இலக்கணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையில் வெளிவருவதற்கு 1822 வரை காலம் பிடித்தது.

இத்தாலியம் படிக்கப் போகிற பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வந்து, எந்த அகராதி நல்லது, தாந்தேக்கு எந்த உரை தெளிவானது என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அதோடு ஒன்றை வேண்டிக்கொள்கிறேன். குடியிருக்கக் கிடைக்கும் வீட்டில் ஒரு கிழவியோ கிழவனோ இருந்தால், முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். சல்லடைக்கு, மாவுப்பலகைக்கு, தணலை வாரும் கரண்டிக்கு, அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலில் மறுப்பார்கள், அது தப்பான பேச்சு என்பார்கள், விடாதீர்கள். நான் அந்த வீட்டில் ஏழு மாதம் இருந்தேன். என் நோட்டில் ஒன்பது சொற்கள் இருக்கின்றன.